'புற்றுநோயைக் கொல்லும் மாத்திரை': அது குறிவைக்கும் புரதம் என்ன? ஏன் இவ்வளவு தாமதம்?

"புற்றுநோயை மட்டும் கொல்லும் மாத்திரை கண்டுபிடிச்சாச்சு!"

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு தகவல் உங்களுக்கும் வந்திருக்கலாம். 2023 ஆகஸ்ட்டில் உலகம் முழுக்கச் சுற்றிய செய்தி அது. இன்றும் அவ்வப்போது தலைகாட்டுகிறது.

சும்மா படித்துவிட்டுக் கடந்துபோகலாம். ஆனால் வீட்டில் யாருக்காவது புற்றுநோய் இருந்தால் கதை வேறு. "இது உண்மையான்னு பாரேன், டாக்டர்கிட்ட கேக்கலாமா?" என்று பெரியம்மாவோ மாமாவோ உங்களிடம்தான் கேட்பார்கள். ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்லக்கூடிய ஆள் வீட்டில் நீங்கள்தானே! அப்போது என்ன சொல்வது?

அந்தத் தகவல் முழுப்பொய் அல்ல. அதனால்தான் பதில் சொல்வது சிரமமாக இருக்கிறது. மருந்து உண்மை, ஆய்வு உண்மை, அதைச் செய்த மருத்துவமனையும் உண்மை. மருந்தின் பெயர் ஏஓஹெச்1996. அது குறிவைக்கும் புரதத்தின் பெயர் பிசிஎன்ஏ. அந்தப் புரதத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

உடலில் பிசிஎன்ஏவின் வேலை என்ன?

உங்கள் உடலில் ஓர் உயிரணு இரண்டாகப் பிரிய வேண்டும் என்றால், அதற்கு முன்னால் அதிலுள்ள டிஎன்ஏ முழுவதையும் நகலெடுத்தாக வேண்டும். சுமார் 600 கோடி எழுத்து இணைகள். நீட்டி வைத்தால் ஏறக்குறைய 2 மீட்டர். அத்தனையையும் நகலெடுக்க மனித உயிரணுவுக்குக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய 8 மணி நேரம்தான். ஒரு நாள் ஆபீஸ் வேலை நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நகலெடுக்கும் எந்திரத்துக்கு டிஎன்ஏ பாலிமரேஸ் என்று பெயர். அதுவும் ஒரு புரதம்தான். அதனிடம் ஒரு குறை உண்டு. டிஎன்ஏ இழையைப் பிடித்துக்கொள்ளும் பலம் அதற்குக் கிடையாது. தனியாக விட்டால் கொஞ்சம் எழுத்துகளைச் சேர்த்த கையோடு கழன்று விழுந்துவிடும். மறுபடி வந்து ஒட்ட வேண்டும், மறுபடி விழும். இந்த வேகத்தில் 600 கோடியை முடிப்பதற்குள் விடிந்துவிடும்.

இங்கேதான் பிசிஎன்ஏ வருகிறது. ஒரே மாதிரியான 3 துண்டுகள் கைகோத்து நிற்கும் ஒரு வளையம் அது. திரைச்சீலைக் கம்பியில் வளையம் மாட்டியிருப்பதுபோல் டிஎன்ஏ இழையைச் சுற்றி மாட்டிக்கொள்ளும். முன்னும் பின்னும் வழுக்கிப் போகும், ஆனால் கழன்று விழாது. பாலிமரேஸ் இந்த வளையத்தைப் பிடித்துக்கொண்டு இழைநெடுகப் போகும். வளையத்தின் நடுத்துளை சுமார் 3.5 நானோமீட்டர், டிஎன்ஏயின் தடிமன் சுமார் 2 நானோமீட்டர். தாராளமாகப் போய் வரலாம்.

பாலிமரேஸ் மட்டும்தான் அதைப் பிடித்துக்கொள்கிறது என்று நினைக்காதீர்கள். நகலெடுத்த துண்டுகளை ஒட்டும் புரதம், பிழை திருத்தும் புரதம், உடைந்த டிஎன்ஏவைச் சரிசெய்யும் புரதம் என்று பல புரதங்கள் அதே வளையத்தைத் தொற்றிக்கொண்டுதான் வேலை பார்க்கின்றன.

ஏஓஹெச்1996ஐ உருவாக்கிய குழுவின் தலைவர் லிண்டா மால்காஸ் இதைப் பல வாயில்கள் கொண்ட பெரிய விமான நிலையத்துக்கு ஒப்பிட்டார். அவரது மருந்து அந்த விமான நிலையத்தை மூடவைக்கும் பனிப்புயலாம். சாங்கியில் பனிப்புயலுக்கு வாய்ப்பில்லை. நாம் பலத்த இடிமழை என்று மாற்றி வைத்துக்கொள்வோம்!

பெயருக்குப் பின்னால் ஒரு குழப்பம்

இந்தப் புரதத்தைப் புற்றுநோய் ஆய்வாளர்கள் முதலில் கண்டுபிடிக்கவில்லை. 1978இல் லூபஸ் நோயாளிகளின் ரத்தத்தில் அதன் தடயம் தென்பட்டது. லூபஸ் என்பது உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய். சில நோயாளிகளின் ரத்தத்திலிருந்த எதிர்ப்பொருள், பிரிந்து பெருகும் உயிரணுக்களின் கருவில் இருக்கும் ஏதோ ஒன்றைப் பிடித்தது. அந்த 'ஏதோ ஒன்றுக்கு' வைத்த நீளமான பெயரின் சுருக்கம்தான் பிசிஎன்ஏ. 'பெருகும் உயிரணுக் கருவின் எதிர்ப்பொருளூக்கி' என்பது அதன் பொருள்.

டென்மார்க்கில் இன்னொரு குழுவும் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்து அதற்கு 'சைக்ளின்' என்று பெயரிட்டது. 1984இல்தான் தெரியவந்தது, இரண்டும் ஒன்றேதான் என்று. இப்போது பாடநூல்களில் சைக்ளின் என்று நீங்கள் படிப்பது முற்றிலும் வேறு புரதக் குடும்பம். பழைய கட்டுரைகளைப் படிக்கும் மாணவர்கள் இதில் தடுக்கி விழுவது உண்டு.

வளைய வடிவம் கண்ணுக்குத் தெரிந்தது 1990களில். 1992இல் பாக்டீரியாவில் இதே வேலையைச் செய்யும் புரதத்தின் வடிவத்தையும், 1994இல் ஈஸ்ட் பிசிஎன்ஏயின் வடிவத்தையும், 1996இல் மனிதப் பிசிஎன்ஏயின் வடிவத்தையும் கண்டறிந்த குழுக்களில் இருந்தவர் ஜான் குரியன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பைத் தொடங்கி, பிறகு அமெரிக்கா சென்றவர். பாக்டீரியாவிலும் மனிதரிலும் புரதத்தின் எழுத்து வரிசை வெவ்வேறு. வளையமோ கிட்டத்தட்ட ஒரே மாதிரி. இயற்கை இந்த வடிவத்தைக் கைவிடவே இல்லை.

அப்படியென்றால் அதை முடக்கினால் போதாதா?

கேள்வி நியாயம்தான். புற்றுநோய் என்பதே கட்டுப்பாடின்றிப் பிரியும் உயிரணுக்கள். பிரிவதற்கு நகல் வேண்டும், நகலுக்கு வளையம் வேண்டும். வளையத்தை உடைத்தால் வேலை முடிந்தது.

சிக்கல் என்னவென்றால், அதே வளையம் உங்கள் ரத்தத்தை உருவாக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் வேண்டும். குடலின் உள்தோலுக்கும் வேண்டும். முடிவேருக்கும் வேண்டும். பிசிஎன்ஏ மரபணுவை முற்றிலும் நீக்கிய எலிகள் பிறப்பதே இல்லை. கருவிலேயே இறந்துவிடுகின்றன.

டிஎன்ஏ நகலெடுப்பைத் தாக்குவது புதிய யோசனையும் அல்ல. கீமோதெரபியின் தொடக்கமே அதுதான். 1948இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், ரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்கு அமினாப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்தார். 10 பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது. தற்காலிகம்தான். ஆனால் அதுவரை ஒன்றுமே செய்ய முடியாமல் கைகட்டி நின்ற நோய் அது. நகலெடுக்கத் தேவையான மூலப்பொருள் உயிரணுவில் உருவாவதை அந்த மருந்து தடுத்தது. அதைத் தயாரித்துக் கொடுத்த குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திராவில் பிறந்து மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். நியாயமாக நம் பாடநூல்களில் இன்னும் பெரிதாக இருக்க வேண்டிய பெயர்.

அதன் வழிவந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. சிஸ்பிளாட்டின், ஜெம்சைட்டபின் போன்றவையும் ஏதோ ஒரு வகையில் டிஎன்ஏவைத்தான் தாக்குகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே குறை: எது புற்றுநோய் உயிரணு, எது முடிவேர் என்று அவற்றுக்குத் தெரியாது. வேகமாகப் பிரியும் எதையும் அடிக்கும். கீமோ எடுத்தவர்களுக்கு முடி கொட்டுவது, ரத்த அணுக்கள் குறைவது எல்லாம் அதனால்தான்.

பிசிஎன்ஏயில் இன்னொரு இடைஞ்சலும் உண்டு. பெரும்பாலான மருந்துகள் புரதத்தின் ஆழமான குழிக்குள் போய், பூட்டில் சாவி மாதிரி உட்கார்ந்து வேலை செய்யும். பிசிஎன்ஏயில் அப்படி வசதியான குழி இல்லை. மற்ற புரதங்கள் ஒட்டிக்கொள்ளும் ஆழமில்லாத மேற்பரப்புதான் இருக்கிறது. சிறிய மருந்து மூலக்கூறு அதில் நிற்பது கடினம். 'மருந்துக்கு மசியாத புரதம்' என்ற பட்டியலில் அது நீண்ட நாள் இருந்ததற்கு அதுதான் காரணம்.

உடலே இதற்கு ஒரு பிரேக் வைத்திருக்கிறது என்பது சுவையான விஷயம். டிஎன்ஏ சேதமடைந்தால் பி53 என்ற காவல் புரதம் விழித்துக்கொண்டு பி21 என்ற புரதத்தை உருவாக்கச் சொல்லும். அந்தப் பி21 செய்யும் வேலைகளில் ஒன்று, பிசிஎன்ஏ வளையத்தில் மற்றவர்கள் பிடிக்கும் இடத்தைத் தான் பிடித்துக்கொள்வது. நகலெடுப்பு நின்றுவிடும். 1995இல் டேவிட் லேனும் அவருடைய சக ஆய்வாளர்களும் பி21இன் ஒரு சின்னஞ்சிறு துண்டே இந்த வேலைக்குப் போதும் என்று காட்டினார்கள். பி53ஐக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான அவர், பின்னாளில் சிங்கப்பூருக்கு வந்து ஏ-ஸ்டார் ஆய்வு அமைப்பில் பல ஆண்டு பணியாற்றினார். வளையத்தை மருந்தால் தடுக்க முடியும் என்ற நம்பிக்கைக்கு வித்திட்ட ஆய்வுகளில் அது ஒன்று.

ஏஓஹெச்1996 எதை வித்தியாசமாகச் செய்கிறது?

கலிஃபோர்னியாவின் டுவார்ட்டே நகரில் இருக்கும் சிட்டி ஆஃப் ஹோப் புற்றுநோய் ஆய்வு மருத்துவமனையில் லிண்டா மால்காஸ் குழு முன்வைக்கும் வாதம் இது: புற்றுநோய் உயிரணுவில் இருக்கும் பிசிஎன்ஏயும் சாதாரண உயிரணுவில் இருக்கும் பிசிஎன்ஏயும் அச்சு அசல் ஒன்றல்ல. மரபணு ஒன்றுதான். ஆனால் புரதம் உருவான பிறகு அதில் ஏற்படும் சிறு வேதி மாற்றங்கள் வேறு. அதனால் வளையத்தின் ஒரு பகுதி, 126ஆவது அமினோ அமிலத்திலிருந்து 133ஆவது வரை, புற்றுநோய் உயிரணுவில் வெளியே தெரிகிறது. அந்த இடத்தைக் குறிவைத்தால் நல்ல உயிரணுக்கள் தப்பிக்கும்.

முதலில் அவர்கள் உருவாக்கிய மூலக்கூறின் பெயர் ஏஓஹெச்1160. உடலுக்குள் போனதும் அது சீக்கிரமே சிதைந்தது. அதை மாற்றி மாற்றித்தான் ஏஓஹெச்1996 வந்தது. 1996 என்பது வரிசை எண் அல்ல, ஓர் ஆண்டு. அந்த ஆண்டில் பிறந்து, 2005இல் 9 வயதில் நியூரோபிளாஸ்டோமா என்ற குழந்தைப் பருவப் புற்றுநோயால் இறந்த ஒரு சிறுமியின் பெயர் முதலெழுத்துகள்தான் ஏஓஹெச்.

மருந்து வேலை செய்யும் விதம் நீங்கள் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறு. வளையத்தை அது மற்ற புரதங்களிடமிருந்து பிரித்துவிடும் என்றுதானே நினைப்போம்? அந்த ஆய்வின்படி, மருந்து பிசிஎன்ஏவை இன்னொரு புரதத்துடன் இன்னும் இறுக்கமாக ஒட்டவைக்கிறது.

கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். டிஎன்ஏ தண்டவாளம் என்றால், அதில் இரண்டு வகை வண்டிகள் ஓடுகின்றன. ஒன்று, நகலெடுக்கும் வண்டி. இன்னொன்று, மரபணுவைப் படித்து ஆர்என்ஏ எழுதும் வண்டி. எம்ஆர்டி தடத்தில் பராமரிப்பு வேலை நடு ராத்திரி, ரயில் ஓடாத நேரத்தில் நடக்கும். உயிரணுவுக்குள் அந்த வசதி இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே தடத்தில். மோதல் நடக்கத்தான் செய்யும். சாதாரண உயிரணு அதைச் சமாளித்துக்கொள்ளும். புற்றுநோய் உயிரணுவில் இரண்டு வேலையும் கண்டபடி நடப்பதால் மோதல்களும் அதிகம். அது ஏற்கெனவே விளிம்பில்தான் நிற்கிறது.

ஏஓஹெச்1996, படிக்கும் வண்டியின் முக்கியப் பாகமான ஆர்பிபி1 என்ற புரதத்துடன் பிசிஎன்ஏவைக் கூடுதலாகப் பிணைக்கிறது. வேலை நடந்துகொண்டிருக்கும் இடங்களிலிருந்து வளையம் விலகுகிறது. டிஎன்ஏயின் இரண்டு இழைகளும் அறுகின்றன. ஏற்கெனவே விளிம்பில் நின்ற உயிரணு விழுந்துவிடுகிறது.

2023 ஆகஸ்ட்டில் 'செல் கெமிக்கல் பயாலஜி' சஞ்சிகையில் வெளியான ஆய்வு இதைத்தான் சொன்னது. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்ட 70க்கும் அதிகமான புற்றுநோய் உயிரணு வகைகளில் சோதித்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, சாதாரண உயிரணுக்களிலும் சோதித்தார்கள். சாதாரண உயிரணுக்கள் தாக்குப்பிடித்தன. மனிதக் கட்டிகள் பொருத்தப்பட்ட எலிகளில் கட்டியின் வளர்ச்சி குறைந்தது. பலன் தரும் அளவைப்போல் 6 மடங்கு கொடுத்தும் எலிகளிடமும் நாய்களிடமும் குறிப்பிடத்தக்க நச்சுத்தன்மை தெரியவில்லை. சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளுடன் சேர்க்கும்போது புற்றுநோய் உயிரணுக்கள் இன்னும் எளிதாக மடிந்தன.

நல்ல ஆய்வுதான். பிறகு எங்கே கதை திசை மாறியது?

காணாமல்போன சொற்கள்

மருத்துவமனை வெளியிட்ட அறிக்கையின் தலைப்பு, எல்லாத் திடக்கட்டிகளையும் கொல்லக்கூடிய சிகிச்சை என்று சொன்னது உண்மை. ஆனால் அதே வரியின் கடைசியில், 'மனிதருக்கு முந்தைய கட்ட ஆய்வில்' என்ற பொருளில் ஒரு சொற்றொடரும் இருந்தது. பகிரப்பட்ட தகவல்களில் முதலில் காணாமல்போனது அதுதான். தலைப்பு எழுதுவதும் எங்கள் தொழில்தான் என்பதால் சொல்கிறேன், கடைசியில் வரும் சொற்களைத்தான் முதலில் வெட்டுவார்கள். அந்த அறிக்கையை எழுதியவர்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

இரண்டாவது, 'திடக்கட்டி' என்பது எல்லாப் புற்றுநோயும் அல்ல. ரத்தப் புற்றுநோய் அதில் அடங்காது.

மூன்றாவதுதான் முக்கியம். கண்ணாடித் தட்டில் வளரும் உயிரணுவைக் கொல்வது அவ்வளவு கடினமில்லை. ப்ளீச் ஊற்றினாலும் சாகும். எலியில் வேலை செய்வது அதைவிட நல்ல அறிகுறி. ஆனால் எலியில் பொருத்திய கட்டி, மனித உடலில் பல ஆண்டு பதுங்கி வளர்ந்து, மருந்துகளுக்குப் பழகி, பல இடங்களுக்குப் பரவிய கட்டியைப் போன்றது அல்ல. புற்றுநோய் மருந்துகளில் மனிதச் சோதனையின் முதல் கட்டத்துக்குள் நுழைபவற்றில் கடைசியில் அங்கீகாரம் பெறுபவை சுமார் 5 விழுக்காடுதான். அதாவது 20இல் ஒன்று. மனிதச் சோதனைக்கே வராமல் நின்றுபோனவை அந்தக் கணக்கில் இல்லை.

ஏஓஹெச்1996 அந்த முதல் கட்டத்துக்குள் நுழைந்தது 2022 அக்டோபரில். நாளுக்கு இருமுறை விழுங்கும் மாத்திரையாக, வழக்கமான சிகிச்சைகள் பலன் தராத திடக்கட்டி நோயாளிகளுக்குக் கொடுக்கப்படுகிறது. முதல் கட்டச் சோதனையின் நோக்கம் "குணமாகிறதா?" என்று பார்ப்பது அல்ல. "எவ்வளவு கொடுக்கலாம்? எந்த அளவில் உடல் தாங்காது?" என்பதுதான் முதல் கேள்வி. பலன் உண்டா என்று முறையாகப் பார்ப்பது இரண்டாம் கட்டம். இப்போதுள்ள சிகிச்சையைவிட மேலானதா என்று நூற்றுக்கணக்கானோரிடம் ஒப்பிடுவது மூன்றாம் கட்டம். அடுத்த முறை இது பற்றிச் செய்தி வந்தால் எத்தனையாவது கட்டம் என்று முதலில் தேடுங்கள். அது இல்லாத செய்தியை முழுதாக நம்ப வேண்டாம்.

இந்த வளையத்தைக் குறிவைப்பவர்கள் இவர்கள் மட்டுமல்ல. நார்வேயின் டிரோன்ட்ஹெய்ம் நகரில் தொடங்கிய ஆய்விலிருந்து ஏடிஎக்ஸ்-101 என்ற மருந்து வந்தது. அது மாத்திரை அல்ல, ரத்தக் குழாய்வழி செலுத்தப்படும் சிறு புரதத் துண்டு. மற்ற புரதங்கள் வளையத்தைப் பிடிப்பதை அது தடுக்கிறது. ஆஸ்திரேலியாவில் நடந்த முதல் கட்டச் சோதனையில் நோயாளிகள் மருந்தைத் தாங்கிக்கொண்டனர். சிலருக்கு நோய் மோசமாகாமல் சில காலம் அப்படியே நின்றது. 'கொல்லும் மாத்திரை' என்ற தலைப்புக்குப் பக்கத்தில் இது சாதாரணமாகத் தெரியும். முதல் கட்டத்தில் வரும் நல்ல செய்தி பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும்.

நம்பிக்கை வைக்கலாமா?

வைக்கலாம், காரணம் இருக்கிறது. கேஆர்ஏஎஸ் என்ற புரதத்தையும் 'மருந்துக்கு மசியாது' என்று சுமார் 40 ஆண்டு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதன் ஒரு வகை மாற்றத்துக்கு எதிரான முதல் மருந்து சோட்டோராசிப், 2021 மே மாதம் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. டிஎன்ஏ பழுதுபார்ப்பைத் தாக்கும் ஓலாப்பரிப் மாத்திரை 2014இல் அங்கீகாரம் பெற்றது. பிஆர்சிஏ மரபணு மாற்றம் கொண்ட கருப்பைமுட்டைப் புற்றுநோயாளிகள் பலருக்கு அது சிகிச்சையின் போக்கையே மாற்றியது. புற்றுநோய் உயிரணு ஏற்கெனவே தடுமாறும் இடத்தில் இன்னொரு தள்ளு தள்ளுவதுதான் அதன் உத்தி. ஏஓஹெச்1996இன் உத்தியும் அந்த வகைதான்.

கூடவே காலத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரிலேயே ஏ-ஸ்டாரும் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து உருவாக்கிய புற்றுநோய் மருந்து இடிசி-159. முதல் நோயாளிக்கு அது கொடுக்கப்பட்டது 2015இல். அதன் பிறகும் பல ஆண்டுகளாக அது சோதனைக் கட்டத்தில்தான் இருந்தது. யாரும் சோம்பேறியாக இருந்ததால் அல்ல. சரியான அளவு, சரியான நோயாளி, சரியான துணை மருந்து என்று ஒவ்வொன்றையும் மனிதர்களிடம் கவனமாகத்தான் பார்க்க முடியும்.

சரி, வீட்டில் கேட்டால் என்ன சொல்வது?

"இந்த மாத்திரை இங்கே கிடைக்குமா?" கிடைக்காது. சோதனையில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே கொடுக்கப்படும் மருந்து இது. எந்த மருந்தகத்திலும் விற்பனைக்கு இல்லை. இணையத்தில் யாராவது இந்தப் பெயரில் ஏதாவது விற்றால், அது நோயாளிகளிடம் கொடுத்துச் சோதிக்கப்படும் அந்த மாத்திரை அல்ல. ஆய்வுக்கூடத்துக்கான ரசாயனமாக இருக்கலாம், மாவு மாத்திரையாகவும் இருக்கலாம்.

"அது வரும்வரை கீமோவைத் தள்ளிப்போடலாமா?" கூடாது. இந்தக் கேள்வி வந்தால் மட்டும் மென்மையாகப் பேசிச் சமாளிக்க வேண்டாம், நேரடியாகச் சொல்லிவிடுங்கள். சோதனையில் இருக்கும் மருந்துக்காகக் காத்திருக்கும் மாதங்களில் கட்டி காத்திருக்காது. இப்போது குணப்படுத்தக்கூடிய கட்டத்தில் இருப்பது, பிறகு அப்படி இல்லாமல் போகலாம்.

"வேறு ஏதாவது சோதனையில் சேர முடியுமா?" இதுதான் டாக்டரிடம் கேட்க வேண்டிய சரியான கேள்வி. சிங்கப்பூரில் தேசியப் புற்றுநோய் நிலையம் உள்ளிட்ட இடங்களில் புதிய மருந்துச் சோதனைகள் நடக்கின்றன. மருந்துச் சோதனைகளைக் கண்காணிப்பது சுகாதார அறிவியல் ஆணையம். எல்லாராலும் சேர முடியாது. நோயின் வகை, கட்டம், கட்டியின் மரபணு மாற்றம், ஏற்கெனவே எடுத்த சிகிச்சை என்று நிபந்தனைகள் இருக்கும். அதனால் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கட்டியின் பரிசோதனை அறிக்கையையும் இதுவரை எடுத்த மருந்துகளின் பட்டியலையும் கையோடு கொண்டுபோங்கள். பெரியம்மா ஆங்கிலத்தில் கேட்கத் தயங்கினால், நீங்களும் உடன் போங்கள்.